தோட்டத்தை மனையாக்கப் போகிறீர்களா? முதலில் தடத்தை அளந்து பாருங்கள்

அப்பா காலமான பிறகு பல்லடத்துக்குத் தெற்கே எங்களுக்கு மிஞ்சியது ஒரு கிணறு, ஒரு சாளை (தோட்டத்து வீடு), பட்டாவில் 1.02.0 ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், என்று போட்ட நிலம். அண்ணன் திருப்பூரில், தங்கை ஈரோட்டில், நான் கோவையில். பண்ணையம் பார்க்க ஆள் இல்லை. மொத்தமாகப் புரோக்கரிடம் கொடுக்க அம்மாவுக்கு மனசில்லை. சரி, நாமே மனைப்பிரிவு போட்டு டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி வாங்கி விற்போம் என்று இறங்கினோம். ஒரு தைப் பொங்கல் முடிந்து ஆரம்பித்தது, அடுத்த வருஷம் சித்திரையில்தான் முடிந்தது. 15 மாதம். அதில் 5, 6 மாதமாவது எங்கள் அறியாமைக்குக் கொடுத்த விலை.

எங்களைப் போல ஓரிரு ஏக்கர் வைத்துக்கொண்டு முதல்முறை இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நிலம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கேட்கும் காகிதம் மாறும். நான் சொல்லும் வரிசையை வைத்துக்கொண்டு, உங்கள் ஊர் அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. எந்த அலுவலகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மனைப்பிரிவை ஆராய்ந்து அனுமதி கொடுப்பது நகர் ஊரமைப்புத் துறை. ஜனங்கள் வாயில் டிடிசிபி. கோவை, திருப்பூர், ஈரோடு போன்ற நகரங்களைச் சுற்றித் திட்டக் குழுமம் என்று தனி எல்லை உண்டு. அதற்குள் உங்கள் வருவாய் கிராமம் வந்தால் அங்கே, வராவிட்டால் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில். விண்ணப்பம் எப்படியும் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகத்தான். பரப்பைப் பொறுத்துக் கோப்பு மாவட்டத்திலேயே முடியும், இல்லையென்றால் சென்னை இயக்ககம் வரை போகும்.

வருவாய் கிராமத்தின் பெயரும் ஊராட்சியின் பெயரும் வேறு வேறாக இருக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. விண்ணப்பத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டு, 3 வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டச் சுயசான்றிலேயே உடனடி அனுமதி என்று 2024-ல் ஒரு திட்டம் வந்தது அல்லவா, அது வீட்டுக்கு. மனைப்பிரிவுக்கு அப்படி எதுவும் இல்லை. "இப்பெல்லாம் ஆன்லைன்ல ஒரே நாள்ல ஆயிருதுங்க" என்று யாராவது சொன்னால் அவர் இதைத்தான் சொல்கிறார்.

2. தடம்: எல்லாவற்றுக்கும் முன்னால் இது

நிலம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதற்குப் போகும் வழி சரியில்லை என்றால் கோப்பு நகராது. இதை எங்களுக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை.

எங்கள் பத்திரத்தில் "மாமூல் தடத்தில் ஆள் நடக்கவும் வண்டி வாகனாதிகள் ஓட்டிக்கொள்ளவும் பாத்தியம்" என்று அழகாக எழுதியிருந்தது. தாத்தா காலத்திலிருந்து அந்த இட்டேரியில்தான் (இருபுறமும் வேலி உள்ள வண்டித்தடம்) கரும்பு லாரி வரை வந்து போனது. போதாதா என்று நினைத்தோம். போதாது. பத்திரத்தில் இருக்கும் தடப் பாத்தியம் உங்களுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் இடையில் உள்ள உரிமை (காடு என்றால் எங்கள் பக்கம் விவசாய நிலம்). நாளைக்கு 30 குடும்பம் அங்கே குடியேறினால் அவர்களுக்குப் பொதுச்சாலை வேண்டும். திட்டக் குழுமம் பார்ப்பது அதைத்தான். எங்களிடம் கேட்டது 7 மீட்டர், அதாவது 23 அடி.

எனவே புலப்படத்தை (உங்கள் புல எண்ணின் அளவைப் படம்) எடுத்து உங்கள் தடம் அதில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தனிப் புல எண்ணோடு வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் நல்லது, அது அரசுடையது. யாரோ ஒருவரின் பட்டா நிலத்துக்குள் புள்ளிக்கோடாக ஓடினால் அது அவர் நிலம். எங்களுடையது புறம்போக்குதான், ஆனால் 12 அடி. ஊராட்சித் தார் ரோட்டிலிருந்து எங்கள் பொழிக்கல் (எல்லைக்கல்) வரை 180 அடி நீளம். பக்கத்தில் பெரியப்பா மகனின் காடு. 11 அடி அகலம் சேர்த்தால்தான் 23 வரும். கணக்குப் போட்டால் 1,980 சதுர அடி, நாலரை சென்ட்.

இந்த நாலரை சென்ட்டைப் பேசி முடிக்க 3 மாதம் ஆயிற்று. பங்காளி நல்லவர்தான். ஆனால் நாம் மனை விற்கப் போகிறோம் என்று தெரிந்தபின் யாருமே காட்டு விலைக்குக் கொடுக்கமாட்டார்கள். "உங்க மனைக்கு என்ன வெலையோ அதே வெலைங்க, தம்பி" என்றார். கடைசியில் அம்மா போய்ப் பேசினார். எங்கள் நிலத்தின் பின்பக்கம் அவர் காட்டை ஒட்டிய 7 சென்ட்டை அவருக்குக் கொடுத்து, தடத்தை ஒட்டிய நாலரை சென்ட்டை நாங்கள் எடுத்துக்கொண்டோம். பரிவர்த்தனைப் பத்திரம். பேச்சு ஆனி கடைசியில் முடிந்தது, ஆடியில் பத்திரம் போட இரண்டு வீட்டிலும் சம்மதிக்கவில்லை. ஆவணியில்தான் பதிவு. இதையும் உங்கள் காலக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: தடம் குறைகிறது என்று தெரிந்தால், லேஅவுட் பேச்சை வெளியே விடுவதற்கு முன் அந்தத் துண்டை வாங்கப் பாருங்கள். நாங்கள் ஊருக்கே சொல்லிவிட்டு அப்புறம் போய்க் கேட்டோம்.

3. அளவு: பத்திரம் ஒன்று, பட்டா ஒன்று, தரை ஒன்று

பத்திரத்தில் ஏக்கர்–சென்ட். பட்டாவில் ஹெக்டேர்–ஏர். திட்டக் குழுமத்தில் சதுர மீட்டர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, சுமார் 40.47 சதுர மீட்டர். ஒரு ஏர் 2.47 சென்ட். இதைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

இரண்டு எல்லைக்கோடுகள் முக்கியம். ஒன்று 3,000 சதுர மீட்டர், சுமார் 74 சென்ட். இன்னொன்று 10,000 சதுர மீட்டர், சுமார் 2 ஏக்கர் 47 சென்ட். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000-க்குள் இருந்தால் பூங்காவுக்கு இடம் விட வேண்டியதில்லை. 3,000-க்கும் 10,000-க்கும் நடுவில் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகக் கொடுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான தொகையைப் பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் பணம் கட்டும் வழி இல்லை, இடமாகவே தானம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதோடு நலிந்த பிரிவினருக்கான சிறு மனை ஒதுக்கீடு என்று இன்னொரு 10 சதவீதமும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் பட்டா 10,200 சதுர மீட்டர், அதாவது 2 ஏக்கர் 52 சென்ட். 200 மீட்டர், 5 சென்ட், அதிகம். அண்ணன் சாளை இருக்கும் மூலையை விட்டுவிட்டு விண்ணப்பிக்கலாம் என்றார். விசாரித்துப் பார்த்தோம். ஒரே உரிமையாளரின் தொடர்ச்சியான நிலத்தை இப்படித் துண்டாக்கிக் காட்டினால் மீதியையும் சேர்த்துப் படம் கொண்டுவரச் சொல்வார்கள் என்றார்கள். அந்த வழியை விட்டுவிட்டோம்.

பிறகு எல்லை அளக்கத் தாலுகாவில் மனுப்போட்டுச் சர்வேயரை அழைத்தோம். தரையில் 2 ஏக்கர் 49 சென்ட்தான் தேறியது. 3 சென்ட் எங்கே போனது? கீழ்ப்பக்கத்துக் கிளுவை வேலி வருஷத்துக்கு ஒரு சாண் நகர்ந்து வந்திருக்கிறது. சண்டைக்குப் போகவில்லை. பத்திரம், பட்டா, தரை மூன்றில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதை இங்கே கற்றுக்கொண்டோம். அப்போதும் 10,000-க்கு மேல்தான். பரிவர்த்தனையில் 7 கொடுத்து நாலரை எடுத்தபின் 2 ஏக்கர் நாற்பத்தாறரை சென்ட், 9,975 சதுர மீட்டர் ஆயிற்று. வழிக்காகச் செய்த காரியம், எதிர்பாராமல் இந்தக் கோட்டுக்கும் கீழே இறக்கிவிட்டது.

எல்லோருக்கும் இப்படி அமையாது. ஆனால் பெரிய பணத்தைக் கட்டுவதற்கு முன் சர்வேயரை வைத்துத் தரையை அளந்துவிடுங்கள் என்பது எல்லோருக்கும் பொருந்தும். பட்டாவை நம்பி இன்ஜினியரிடம் முதலில் போட்ட படம் எங்களுக்கு வீணாய்ப் போனது. அதற்கும் அவருக்குச் சம்பளம் கொடுத்தோம்.

4. காகிதங்கள்

மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை, 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (கிராமத்துப் புல எண்களின் விவரம் உள்ள பதிவேடு), புலப்படம், கிராம வரைபடம், வக்கீலின் சட்டக் கருத்து. பட்டாவும் அ-பதிவேடும் அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே எடுக்கலாம். வில்லங்கம் பதிவுத்துறைத் தளத்தில்.

இதில் சிக்கல் வரும் இடங்கள்:

கூட்டுப்பட்டா. நிலம் உங்களுடையதாக இருந்தாலும் பட்டாவில் 4 பங்காளிகள் பெயர் இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கியபிறகே ஆரம்பியுங்கள்.

வாரிசு. அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றும் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். "கட்டிக்கொடுத்த பொண்ணுதானே" என்று தங்கையை விட்டுவிட்டால், வக்கீல் விட்டாலும் நாளைக்கு மனை வாங்குபவரின் வங்கி விடாது.

கிணறு. கொங்குப் பத்திரங்களில் "கிணற்றில் மூன்றில் ஒரு பாகமும், மோட்டார் சர்வீஸில் பாகமும், தண்ணீர் பாய்ச்சும் வாய்க்கால் பாத்தியமும்" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் நிலத்துக் கிணற்றில் பக்கத்துக்காரருக்குப் பாகம் இருந்தால், அவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தராமல் அந்த இடத்தில் மனை போட முடியாது. விவசாய இலவச மின் இணைப்பும் மனைப்பிரிவுக்குள் தொடராது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துத் துண்டித்துவிடுங்கள். எங்கள் அம்மா இதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

கோயில் நிலம், இனாம் நிலம் என்று பதிவுத்துறையில் தடை இருக்கிறதா என்பதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பழைய ஆட்களுக்கே தெரியாமல் புல எண் அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

5. நிலப் பயன்பாடும் தடையின்மைச் சான்றுகளும்

முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இருக்கும் பகுதியில், அதன் வரைபடத்தில் உங்கள் புல எண் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்பு என்றால் நேரே விண்ணப்பம். விவசாயம் என்றால் முதலில் நிலப் பயன்பாட்டு மாற்றம், அதற்குத் தனிக் கட்டணம், தனிக் காலம். திட்டம் இல்லாத கிராமம் என்றாலும் விவசாயத்திலிருந்து மாற்ற அனுமதி வேண்டும், அதில் வேளாண்மைத் துறையின் கருத்து கேட்கப்படும். நஞ்சை என்றால் இன்னும் கெடுபிடி, மாவட்ட ஆட்சியர் வரை போகும்.

நம் பக்கம் பெரும்பாலும் புஞ்சைதானே என்று இருந்துவிடாதீர்கள். அ-பதிவேட்டில் புஞ்சை என்று இருந்தாலும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) அல்லது கீழ்பவானிப் பாசனப் பரப்புக்குள் வந்தால் நீர்வளத்துறையின் சான்று கேட்பார்கள். பக்கத்தில் பள்ளமோ ஓடையோ போனால் வெள்ளம் புகுமா என்றும் அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 10 வருஷமாகத் தண்ணீர் ஓடாத பள்ளமாக இருந்தாலும் வரைபடத்தில் அது பள்ளம்தான்.

தொண்டாமுத்தூர், மேட்டுப்பாளையம், ஆனைமலைப் பக்கம் மலையடிவாரக் கிராமங்கள் பல மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் கிராமம் அதில் இருந்தால் வனத்துறை, கனிமவளத்துறை என்று வரிசை நீளும். சமவெளியில் 15 மாதம் ஆகும் வேலையை அங்கே அதே கணக்கில் பார்க்காதீர்கள். கல்குவாரிப் பக்கம், ரயில்பாதைப் பக்கம், சூலூர் விமானப்படைத் தளத்தைச் சுற்றி, மேலே உயர் அழுத்த மின்கம்பி போகும் காடு என்றால் ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறையின் காகிதம்.

இந்தச் சான்றுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் மனுப்போடுங்கள். நாங்கள் ஒன்று வந்தபிறகு அடுத்தது என்று காத்திருந்தோம்.

6. விண்ணப்பமும் தலத்தணிக்கையும்

படத்தைப் பதிவு பெற்ற வல்லுநர்தான் போட்டு ஏற்ற வேண்டும். "சென்ட்டுக்கு இவ்வளவு, எல்லாம் முடிச்சுக் குடுத்தர்றனுங்க" என்று மொத்தமாகப் பேசுபவர்கள் உண்டு. பேசலாம், தப்பில்லை. ஆனால் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். அரசுக் கட்டணங்களை நீங்களே ஆன்லைனில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் நிலத்தைப் பார்க்க வருவார்கள். அதற்கு முன் புதரை வெட்டி, நான்கு மூலைக் கற்களுக்கும் வெள்ளை அடித்து வையுங்கள். எங்கள் இடத்துக்கு வந்த அலுவலர் நிலத்துக்குள் 10 நிமிஷம்கூட நிற்கவில்லை. தடத்தில்தான் அரை மணி நேரம். இட்டேரியின் நடுவில் ஒரு பனைமரம், அங்கேதான் அகலம் குறைவு. சரியாக அங்கே நின்று, டேப்பின் நுனியைக் கிளுவை வேலிக்குள் செருகிப் பிடிக்கச் சொன்னார். 22 அடி 8 அங்குலம். "வேலியை எடுத்துட்டு அளந்து போட்டோ அனுப்புங்க" என்றார். அன்று சாயங்காலமே பங்காளி மகன் அரிவாளோடு வந்து வேலியை எடுத்துக் கொடுத்தான். 23 அடி 5 அங்குலம். அந்தப் போட்டோ ஏறியபிறகுதான் கோப்பு அடுத்த மேசைக்குப் போனது.

திருத்தம் கேட்டால் இணையதளத்தில் வரும், கூடவே குறுஞ்செய்தி. இன்ஜினியரின் செல்பேசி எண்ணை மட்டும் கொடுத்திருந்தால் உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு ஒரு கேள்வி 24 நாள் அவர் செல்பேசியில் தூங்கியது.

7. பணம்

ஆய்வுக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம், திறந்தவெளிக்கு ஈடான தொகை, உள்ளாட்சிக்குக் கட்டுவது, அப்புறம் சாலை போடும் செலவு. இதில் தலைசுற்ற வைப்பது திறந்தவெளித் தொகை. எங்கள் 9,975 மீட்டரில் சாலை சுமார் 2,500 போக 7,475. அதில் 10 சதவீதம் 747 மீட்டர், 8,000 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 லட்சம். மதிப்பு 400 இருக்கும் இடம் என்றால் 32 லட்சம். மனை ஒன்றுகூட விற்காத நிலையில் இதைக் கையிலிருந்து கட்ட வேண்டும். எந்தத் தேதியின் மதிப்பை, எந்தத் தெருவின் மதிப்பை எடுக்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

கணக்கைப் பார்த்துவிட்டு நாங்கள் இடமாகவே கொடுத்தோம். கிணறும் வேப்பமரமும் இருந்த மூலை பூங்கா ஆயிற்று. 3 மனை குறைந்தது என்று அண்ணனுக்கு இன்னும் மனத்தாங்கல். கைக்காசு கரையாமல் தப்பித்தோம் என்பது என் கட்சி.

8. தானப் பத்திரம், சாலை, இறுதி அனுமதி

படம் ஒப்புக்கொள்ளப்பட்டதும் சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். வாரிசுகள் எல்லோரும் சார்பதிவாளர் முன் வர வேண்டியிருக்கும். வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். தானப் பத்திரத்தில் நான்கெல்லையும் அளவும் படத்தோடு ஒரு அங்குலம் மாறினாலும் பிழைத்திருத்தல் பத்திரம், இன்னும் 2 வாரம்.

நகர் ஊரமைப்புத் துறை கொடுப்பது தொழில்நுட்ப அனுமதி. மனைப்பிரிவு எண் வந்துவிட்டது என்று பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதை வைத்து ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சியின் இறுதி அனுமதியும் வாங்கியாக வேண்டும். சாலை, வடிகால், தெருவிளக்கு எந்தத் தரத்தில் வேண்டும் என்று உள்ளாட்சி சொல்லும், அதை எழுத்தில் வாங்கியபின் ஜல்லியைக் கொட்டுங்கள். நாங்கள் மழைக்கு முன் முடிக்கிறேன் என்று அவசரப்பட்டுப் போட்ட 60 அடியைப் பெயர்த்து மறுபடி போட்டோம்.

9. ரெரா முடியாமல் ஒரு போர்டுகூட வேண்டாம்

500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு என்றால் ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு வேண்டும். நாங்கள் கம்பெனி இல்லையே, குடும்பம்தானே என்பது செல்லாது. விற்பவர் யாரோ அவரே திட்ட உரிமையாளர். பதிவுக்கு முன் விளம்பரம் செய்வதோ, முன்பணம் வாங்குவதோ கூடாது. பதிவு செய்யாமல் விட்டால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். வாட்ஸ்ஆப்பில் சொந்தக்காரர் குழுவில் போடும் "மனைகள் விற்பனைக்கு" என்பதும் விளம்பரம்தான். அண்ணன் போட்டதை ராத்திரியோடு ராத்திரியாக அழிக்க வைத்தேன். விற்ற பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதால் கணக்கை முன்பே திறந்துவிடுங்கள். ஆடிட்டரையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள், மனையாக்கி விற்றால் வருமான வரிக் கணக்கு வேறு.

10. விட்டுப்போகும் ஒரு வேலை

தானம் கொடுத்த சாலையும் பூங்காவும் பட்டாவில் இன்னும் உங்கள் பெயரிலேயே இருக்கும். அதை உள்ளாட்சி பெயருக்கு மாற்ற உட்பிரிவு மனுப்போட்டு, மாறிய பட்டாவின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். மனை வாங்குபவரின் வங்கி வக்கீல் இதைத்தான் முதலில் கேட்கிறார். எங்களுடையது இன்னும் மாறவில்லை. சர்வேயர் வருகிற செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.